இரண்டு தடவை ஏறிய மேடு

பந்து மறுபடியும் கொடியைத் தாண்டிப் பறந்து புதருக்குள் போய் விழுந்தது.

"போச்சுடா!" என்று பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே கத்தினார் அத்தான். "கோபத்தைக் கையில காட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது பாப்பா? நான் சொல்ற தூரம் ஒண்ணு, நீ அடிக்கிற தூரம் ஒண்ணு!"

எதிர் ஜோடியான வக்கீலும் அவர் மனைவியும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். நடுவராகக் கூடவே வந்துகொண்டிருந்த பெண்கள் அணிக் கேப்டன் அம்மா உதட்டைப் பிதுக்கினார். சின்னவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. ஊருக்கே பவர் எழுதிக் கொடுக்கிறவள் என்றாலும் அக்கா புருஷனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். அவர் கார் ஷோரூம் மேனேஜர். ஓடாத வண்டியைக்கூட யார் தலையிலாவது கட்டிவிடும் வாய்.

கிளப்பின் பெண்கள் கோல்ஃப் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சின்னவளா, வக்கீல் மனைவியா என்பதை இன்றைய ஜோடிப் போட்டியைப் பார்த்து முடிவு செய்வதாகக் கேப்டன் அம்மா சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காகச் சின்னவள் கடை திறக்கும் முன்பே மைதானத்துக்கு வந்து, கை காய்த்துப் போகும்வரை அடித்துப் பழகியிருந்தாள்.

ஜோடிக்கு ஒரே பந்து. ஆளுக்கு ஓர் அடி, மாற்றி மாற்றி. போனில் இருக்கும் ஆப்பைப் பார்த்துக் கொடிக்கு எத்தனை மீட்டர் என்று சொல்வது அத்தான் பொறுப்பு. அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

ஆரம்பத்திலேயே கேப்டன் அம்மா எல்லோருக்கும் கறாராகச் சொல்லியிருந்தார். "போன்ல தூரம் பாக்கலாம். மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டுக் காட்டற வசதி இருக்குல்ல, அதை மட்டும் அணைச்சிடுங்க. போட்டியில அது செல்லாது. ஒரு தடவைன்னா அந்தக் குழியில தோத்ததாக் கணக்கு. மறுபடியும்னா ஆளே வெளியே."

"அதெல்லாம் எப்பவோ அணைச்சாச்சும்மா" என்றார் அத்தான், போனைத் தொடாமலே.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. மேட்டில் ஏறும் குழிகளில் எல்லாம் சின்னவளின் பந்து கொடியைத் தாண்டிப் போனது. பள்ளத்தில் இறங்கும் குழியில் கொடி வரை போகாமல் குளத்தில் விழுந்தது. தாண்டினால் "அவசரக்குடுக்கை" என்றார் அத்தான். விழுந்தால் "பயந்துட்டா" என்றார். வக்கீலிடம் போய், "ஆப் சரியாத்தான் சார் சொல்லுது, நம்ம ஆளுக்குத்தான் கை நிதானம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே அவளை விற்றுவிட்டு வந்தார். சின்னவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். பிடியைத் தளர்த்திப் பார்த்தாள், காலைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். இத்தனை நாள் பழகியதெல்லாம் கையைவிட்டுக் கழன்று போவது போல இருந்தது.

வக்கீலும் தன் பங்குக்கு மணல்குழிகளுக்குள் நின்று பந்தோடு வாதாடிக்கொண்டிருந்ததால் ஆட்டம் சரிசமமாகவே போனது. கடைசிக்கு முந்தைய குழி தட்டையான தரை. அத்தான் தூரம் சொன்னார். சின்னவள் அடித்தாள். பந்து போய்க் கொடியின் காலடியில் சமர்த்தாக உட்கார்ந்தது.

"பாத்தியா? என் பேச்சைக் கேட்டா இப்படித்தான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார் அத்தான்.

சின்னவள் சிரிக்கவில்லை. தட்டையில் சரியாக அடிக்கிற கை, மேட்டிலும் பள்ளத்திலும் மட்டும் எப்படித் தப்பாகும்?

வண்டி கடைசிக் குழியை நோக்கிப் போகும்போது கேட்டாள். "அத்தான், ஆப் தப்பா காட்டுதோ?"

"மரத்தடியில கொஞ்சம் முன்னப் பின்ன காட்டும். சேட்டிலைட் இல்லையா?"

"முன்னயும் பின்னயும் காட்டினாப் பரவாயில்லை. மேட்டுல எப்பவும் தாண்டுது, பள்ளத்துல எப்பவும் விழுது. இது தடுமாற்றம் இல்லை. யாரோ ஒரே மாதிரி தப்பு பண்றாங்க."

"வேற யாரு? நீதான்" என்றார் அவர்.

கடைசிக் குழி மேட்டில் இருந்தது. அதற்கும் மேலே, உச்சியில், கிளப் கட்டடம். முதல் அடியை அத்தான் அடித்திருந்தார். பந்து சரிவின் அடியில் கிடந்தது. இனி சின்னவளின் முறை.

"நூத்தி அம்பது" என்றார் அத்தான்.

"போனைக் காட்டுங்க."

"எதுக்கு? சார்ஜ் கம்மியா இருக்கு."

அவள் பிடுங்கிவிட்டாள். திரையில் கொட்டை எழுத்தில் நூற்று நாற்பது. அதன் கீழே பொடி எழுத்தில் நூற்று முப்பது. பக்கத்தில் குட்டியாக ஒரு மலைப் படம்.

"இதுல எதைப் படிச்சீங்க?"

"பெரிசைத்தான். பொடி எழுத்து யாருக்குத் தெரியுது?"

"அதுல நூத்தி நாப்பதுன்னு இருக்கு. நீங்க சொன்னது நூத்தி அம்பது."

"மேடு இருக்கே! அதுக்குப் பத்து சேத்தேன். ஆப்புக்கு மேடு தெரியுமா?"

"தெரியும். மலைப் படமே போட்டிருக்கு" என்றாள் சின்னவள். "நிஜ தூரம் நூத்தி முப்பது. மேட்டுக்காக ஆப்பே பத்து சேத்து நூத்தி நாப்பதுன்னு காட்டுது. அதுக்கு மேல உங்க கைக்காசு ஒரு பத்து. பள்ளத்துல அது குறைச்சதுக்கு மேல நீங்களும் குறைச்சீங்க. காலையிலேருந்து ஒவ்வொரு மேட்டையும் என்னை ரெண்டு தடவை ஏற வச்சிருக்கீங்க!"

அத்தான் சட்டென்று போனை வாங்கி எதையோ அமுக்கினார். மலைப் படம் மறைந்தது.

"அணைச்சாச்சு. போதுமா? கத்தாதே, கேப்டனுக்குக் கேட்டா ஜோடியையே தூக்கிடுவாங்க. இப்ப சரியான நம்பர் கையில இருக்கு. அடி, ஜெயி. டீம்ல இடம் வேணுமா வேண்டாமா உனக்கு?"

வேண்டும். ஒரு கணம் அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கொடி அதோ, தெளிவாகத் தெரிந்தது. நூற்று முப்பதும் கொஞ்சம் மேடும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அத்தான் அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும் பாப்பா."

"உங்க மானமா?" என்று திரும்பினாள் சின்னவள். "காலையிலேருந்து எல்லார் முன்னாலயும் என் மானம் போச்சே, அது என்ன ஓசியில வந்ததா? பவர் தப்பா எழுதிக் குடுத்துட்டு, உன் கண்ணுதான் நொள்ளைன்னு சொல்ற ஆளு நீங்க!"

மட்டையைப் புல்லில் எறிந்துவிட்டு நேரே கேப்டன் அம்மாவிடம் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எத்தனை குழிகளில் என்று கேட்டார் கேப்டன் அம்மா. எல்லாவற்றிலும் என்றாள்.

"குற்றவாளியே வந்து சாட்சி சொல்ற கேஸை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் வக்கீல். அவர் மனைவி முழங்கையால் இடித்ததும் அடங்கிப்போனார்.

கேப்டன் அம்மா பூசி மெழுகவில்லை. "ஜோடி வெளியே. இந்த சீசனுக்கு இடம் இவங்களுக்குத்தான்" என்று வக்கீல் மனைவியைக் காட்டினார். "உன் கையில குறை இல்லைன்னு தெரிஞ்சுகிட்டேன். ஆனா விதியை என்னால மாத்த முடியாது."

சின்னவள் தலையாட்டினாள். ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை.

"அத்தான், இங்க வாங்க. என் கை சரியில்லைன்னு இவங்ககிட்டத்தானே சொன்னீங்க? இப்பவும் இவங்ககிட்டயே சொல்லுங்க."

"ஆப்ல ஏதோ..."

"ஆப் சரியாத்தான் சொல்லுச்சு."

அத்தான் வக்கீலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். ஆயிரம் கார் விற்ற வாய்க்கு ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில், "நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று மென்று விழுங்கினார்.

"பாப்பா மேல தப்பில்லைன்னும் சொல்லுங்க. அந்தப் 'பாப்பா'ங்கற வார்த்தையை விட்டுட்டு."

"உன் மேல தப்பில்லை."

சின்னவள் மட்டையை எடுத்துப் பையில் செருகினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தான் பக்கத்து இருக்கையில் கை வைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"ஏய்! நான் எப்படி வர்றது? செங்குத்தா இருக்கு! மேல உங்க அக்கா வேற காத்துக்கிட்டு இருப்பா!"

"நடந்து வாங்க அத்தான்" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினாள் சின்னவள். "நீங்க ஒரு தடவை ஏறினாப் போதும்!"