நாற்பத்து மூன்றாவது குரல்

ரூபினி ஒரு கதைப் புத்தகத்தை இருபத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்திய செவ்வாய்க்கிழமை தேயிலை எஸ்டேட்டுக்குள் இறங்கிய மூடுபனி ஏழு மாதம் கலையவில்லை. அந்த வாரம் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் நல்ல வெயில். கோலா தெர்லாவில் தக்காளி முன்கூட்டியே பழுத்து விலை இறங்கியது. கம்போங் ராஜாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் பார்த்தபோது, எஸ்டேட் கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோடு காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பனி நின்றது. சுற்றுலா வந்தவர்கள் அதன்மேல் முதுகைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் யாரும் படம் எடுக்கவில்லை. அவர்களுக்குத் துணி காயவில்லை.

ரூபினி, ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து வெட்டுகிற நீலாவதியின் ஒரே மகள். பத்து வயது, எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்பு. அவளுக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கச் சொன்னால் மாட்டாள், அவ்வளவுதான். அந்த வருடம் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய சாகச நாவல்கள் வந்தன. பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அதன் கீழே நாலைந்து வரி தடித்த எழுத்து, மூலையில் அம்புக்குறி போட்டு ‘திருப்பு’ என்று ஒரு கட்டளை. அட்டையிலேயே ‘வாசிக்க விரும்பாத பிள்ளைகளுக்கு’ என்று அச்சடித்திருந்தார்கள். பார்பரா டீச்சர் அந்த வரியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு, “ஒனக்குன்னே போட்டுருக்கான்லா ரூபினி” என்று புத்தகத்தை அவள் மேசையில் வைத்தார். வகுப்பு சிரித்தது. ரூபினி அந்தக் கோபத்திலேயே இருபத்திரண்டு பக்கங்களை மூச்சு விடாமல் வாசித்தாள். இளஞ்சேரன் என்கிற மாலுமி புதையல் தேடிப் போகிறான். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கயிற்றுப் பாலம் பாதி அறுந்து, அவன் ஒற்றைக் கையால் தொங்குகிறான். அவனுக்குக் கீழே பள்ளத்தை வரையாமல் ஓவியர் வெள்ளையாக விட்டிருந்தார். திருப்பு என்றது புத்தகம். ரூபினி அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். பள்ளி விட்டபோது பனி கேட்டை எட்டியிருந்தது.

பனிக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இருப்பது முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது கங்காணி ஞானசுந்தரத்தின் பழக்கத்தால். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் எதிரே நிற்பவனின் முகம் தெரியாததால், அவர் கண்ணை மூடிக்கொண்டு ‘இருக்கேன்’ என்கிற குரல்களை எண்ணினார். ஆட்கள் நாற்பத்திரண்டு பேர். பாதிக்குமேல் வங்காளதேசத்துக்காரர்கள், அவர்களும் இருக்கேன் என்றே சொல்லப் பழகியிருந்தார்கள். குரல்கள் நாற்பத்து மூன்று வந்தன. கடைசிக் குரல் மட்டும் தூரத்திலிருந்து, அச்சுப் பிசகாமல், ‘இருக்கிறேன்’ என்றது. குரல் கொடுத்தவனுக்கு வருகை போடாமல் விடுவது ஞானசுந்தரத்தின் கைக்கு வராது. நாற்பத்து மூன்று என்றே எழுதினார். பதினெட்டு நாள் அப்படியே எழுதினார். பத்தொன்பதாம் நாள் எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணி பிரெட்ரிக் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்ன கங்காணி, நாப்பத்து மூணாவது ஆளு யாரு? ஒங்க மாமனாரா?”

“கொரல் வருது கிராணி. போடாம எப்படி?”

“எங்கேருந்து வருது?”

“ஒம்பதாம் நம்பர் பள்ளத்துலேருந்து.”

இருவரும் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் நின்றார்கள். யாருப்பா அது என்று பிரெட்ரிக் கத்தினார். இளஞ்சேரன் என்று கீழேயிருந்து பதில் வந்தது. அங்கே என்ன பண்றே என்று கேட்டதற்கு, “தொங்கிக்கொண்டிருக்கிறேன்” என்றது குரல். பிரெட்ரிக் அதை ரிஜிஸ்டரில் குறிப்பு என்கிற இடத்தில் எழுதிக்கொண்டு திரும்பினார். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பெயரைக் கேட்டதும் பார்பரா டீச்சருக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை வாங்கித் திருப்பப் பார்த்தார். இருபத்து மூன்றாம் பக்கத்துக்குப் பின்னால் எல்லாத் தாள்களும் நனைந்து காய்ந்த காகிதம்போல ஒட்டிக்கிடந்தன. கத்தி வைத்துப் பிரிக்கப் பார்த்ததில் கத்தி மழுங்கியது. கம்போங் ராஜாவிலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்தார்கள். கேட்டைத் தாண்டியதும் அதுவும் ஒட்டிக்கொண்டது. ரூபினியின் கையில் மட்டும் தாள் லேசாக எழும்பியது. திருப்பு என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

அன்றிலிருந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நீலாவதியோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பைப்படியில் அவள் வாளி வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்துகொண்டன. அடுத்த வீட்டு ருக்குமணி தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை இவர்கள் வாசலில் பார்த்து ஊற்றினாள். “வாசிக்கிறதுக்கு வலிக்குதா ஒம் மவளுக்கு? எங்கூட்டு அரிசியில பூஞ்சை பூத்துருக்கு, வந்து பாரு” என்றாள். வெட்டுகிற மெஷினைச் சரிவில் இறக்க முடியாமல் வேலை பாதியானது. ஒரு லாரி கால்வாயில் சாய்ந்தது. கைக்குழந்தைகள் இருமின. ஒரு காலையில் நீலாவதி கதவைத் திறந்தபோது, கதவு முழுக்கக் கரியால் பெரிய அம்புக்குறி போட்டுத் திருப்பு என்று எழுதியிருந்தது. ரூபினியின் நோட்டில் திருத்தம் போடுகிற அதே கையெழுத்து. அழிக்கவில்லை. பனி ஈரத்தில் அதுவாகக் கரையும் என்று விட்டாள், அது கரையவில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் எஸ்டேட் மேனேஜரான துரையிடமிருந்து கடிதம் வந்தது. வீடு எஸ்டேட்டுடையது. முப்பது நாளுக்குள் பிள்ளை பக்கத்தைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீலாவதிக்கு அந்த வீட்டை விட்டால் போக இடமில்லை. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல் இல்லை. அவள் மகளை அடித்தாள். இரண்டு வேளை சோறு போடாமல் பார்த்தாள். விரலைப் பிடித்துத் தாளில் வைத்து இழுத்தும் பார்த்தாள். விரல் கல்லாக இருந்தது. அதன்பின் எதிரே உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். வேலை விட்டு வந்தால் விளக்கு வைக்கும்வரை அப்படியே இருப்பாள். மகள் மடியில் புத்தகம். அவர்களுக்கு நடுவே இருந்த மௌனத்தில் ஈரம் சேர்ந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேகமாக நின்றது. அடுப்படிக்குப் போக அதை ஒதுக்கிவிட்டு நடக்க வேண்டியிருந்தது.

கெடு முடிய நாலு நாள் இருக்கையில்தான் நீலாவதிக்கு ஒன்று உறைத்தது. ஏழு மாதமாக எல்லாரும் திருப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

“ஏன்டி திருப்ப மாட்டேங்கிறே?” என்று கேட்டாள்.

ரூபினி புத்தகத்தைப் பிரித்து, அந்த ஒற்றைத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அவள் பிடித்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அடுத்த பக்கத்துப் படம் தாளுக்குள் நிழலாடியது. அதே பாலம், அதே அறுந்த கயிறு. தொங்குகிறவன் இல்லை.

“நான் திருப்புனா அவன் விழுந்துருவான்மா.”

நீலாவதி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். இருபது வருடமாகச் சரிவில் நின்று வேலை செய்கிறவள் அவள். கால் வழுக்கியவர்களையும் பார்த்திருக்கிறாள், வழுக்கியவர்களைத் தூக்கியவர்களையும் பார்த்திருக்கிறாள்.

“விழுந்தாலும் பாலத்துல ஆள் இருக்க மாட்டான்” என்றாள். “மேல ஏத்திட்டாலும் இருக்க மாட்டான்.”

மறுநாள் காலைப் பெரட்டில், அவனை மேலே தூக்கிவிட்டால் மகள் பக்கத்தைத் திருப்புவாள் என்று அவள் சொன்னாள். யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. மகள் வாசிப்பதற்கு ஊரே கயிறு இழுக்க வேண்டுமா என்று ருக்குமணி கேட்டாள். ஆனாலும் ருக்குமணிதான் முதலில் போய் ஸ்டோரிலிருந்து கொழுந்து சுமக்கிற நைலான் வலைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பதினாறு வலைகளை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். வேண்டாத ஆளைத் தூக்குகிற வேகத்தோடு, திட்டிக்கொண்டே, நாற்பத்திரண்டு பேரும் இழுத்தார்கள். வங்காளதேசத்துக்காரர்கள் அவர்கள் பாஷையில் திட்டினார்கள். வலை மேலே வந்தபோது அதில் ஒரு ஆள் இருந்தான். ஈரக் காகிதத்தின் எடைதான் இருந்தது. உடம்பைச் சுற்றிக் கறுப்பு மைக்கோடு ஓடியது; இடுப்புக்குக் கீழே வண்ணம் பூசியிருக்கவில்லை. வலது கை இடது கையைவிட ஒரு முழம் நீண்டுபோயிருந்தது.

ரூபினி எல்லார் முன்னாலும் பக்கத்தைத் திருப்பினாள். தாள் சத்தமில்லாமல் பிரிந்தது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் பனி பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. யாரும் கேட்காமலே அவள் வாசித்தாள். ‘இளஞ்சேரன் சிரித்துக்கொண்டே கையை விட்டான். கீழே ஆற்றில் அவனுடைய படகு அவனுக்காகக் காத்திருந்தது.’

அடுத்த பக்கத்திலும் படகு இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. எதிலும் ஆள் இல்லை.

 இளஞ்சேரன் தன் நீண்ட கையைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான், அங்கே ஆறு இல்லை, ஒன்பதாம் நம்பரின் கடைசித் தேயிலை நிரைதான் இருந்தது. பிறகு ரூபினியிடம், “நீ என்னைக் கேட்டிருக்கலாம்” என்றான்.

“எம் மவ ஒன்னக் காப்பாத்துனா” என்றாள் நீலாவதி.

“ஏழு மாதம்” என்றான் அவன்.

துரை கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ருக்குமணி மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் வேறு பக்கம் ஊற்றினாள். பெயர் ஏற்கெனவே ரிஜிஸ்டரில் ஏறியிருந்ததால் இளஞ்சேரனுக்கு லயத்தின் கடைசி வீட்டைக் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நீண்ட கை மெஷின் பிடிக்க வசதியாக இருந்தது. மழை பெய்தால் அவன் வருவதில்லை, மைக்கோடு கலங்கும். அதற்குக் கங்காணி லீவு போட்டுக்கொடுப்பார். மூன்று வருடம் அவன் நீலாவதி வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் கதவில் இன்னும் இருக்கிற கரி எழுத்தைப் பார்த்துக்கொண்டு போனான், உள்ளே இருப்பவர்களைப் பார்க்கவில்லை. ரூபினி அந்த வரிசையில் வந்த புத்தகங்களை எல்லாம் வாசித்தாள், பதினொன்று. ஒவ்வொன்றையும் முதலில் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

போன நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. கடைசி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பள்ளிவிட்டுக் குடையோடு வந்த ரூபினியை அவன் பார்த்தான்.

“படகு இன்னும் நிக்கிதா?” என்று கேட்டான்.

“நிக்கிது.”

“சரி” என்று சொல்லி, சாரல் படாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டான். நாலாம் நாள் மழை விட்டது. பெரட்டில் நாற்பத்து மூன்று குரல்கள் வந்தன, கங்காணி எழுதிக்கொண்டார்.