கடைசிப் போல்ட்

ஒரு காலத்தில் அந்த டிரைவர் வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வைக்க வேண்டும் என்பார்கள். முறைத்துக்கொண்டு வருகிற செக்போஸ்ட் காவலரைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்: ‘சரி’. பசித்தால் அதுதான், முதுகு வலித்தால் அதுதான், டிவியை அணைத்தால் கோபத்தோடு வருவதும் அதுதான். உள்ளே எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது நினைவில் நிற்பதில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல அவரிடம் இரண்டு வார்த்தை உரக்கப் பேசிவிட்டு, மற்றதையெல்லாம் அவர் தலைக்கு மேலே அவர் மனைவியிடம் பேசுவார்கள்.

அப்படித்தான் பிக்கப் வண்டியைப் பற்றிய பேச்சும் முடிந்தது. அவருடைய தம்பிக்கு வேலை போயிருந்தது. சிமெண்ட் குடோன் ஒன்றில் வாடகை வண்டி கேட்கிறார்கள், அண்ணன் வண்டி சும்மா நின்று துருப்பிடிப்பதற்குப் பதில் நான் ஓட்டுகிறேன், வருவதில் பாதி வீட்டுக்கு என்றான். மனைவிக்கும் வேறு வழி தெரியவில்லை. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டா உட்கார முடியும்? கட்டிலுக்குக் குறுக்கே இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு தம்பி குனிந்து, “என்னண்ணே, உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டான்.

“சரி” என்றார் அவர்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வண்டியின் வாட்டர் பம்ப் போயிருந்தது. அவர் படுப்பதற்கு முன்பே அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஊற்றுகிற தண்ணீரெல்லாம் நேரே தரைக்கு வந்தது. அந்த நிலையில் அதை ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டினால் இன்ஜினே வெந்துவிடும். தம்பி புதுப் பம்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆள் பிடித்து வருகிறேன் என்று போனான். ஆள் கிடைத்தபாடில்லை. கடைசியில் அவளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வண்டிக்கு அடியில் படுத்தால் டார்ச் பிடித்தவளும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். “பத்துன்னா பன்னெண்டைத் தர்ற, பன்னெண்டுன்னா பல்லைக் காட்டுற” என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் வீண் போகவில்லை. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியாததைக் கேட்க ஆளும் உண்டு. அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால், மதில் நிழலில் நிறுத்தினாள்.

அன்று காலை அந்த வீட்டில் பல மாதமாக இல்லாத ஒன்று நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள்.

அவருடைய இடது கை நன்றாகவே பேசியது. விரலைச் சுழற்றினால் கழற்று. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் நிறுத்து. ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீர் பிடிக்கப் பாத்திரம் வைக்காமல் திருகைத் திறக்கப் போனாள்; உள்ளங்கை சட்டென்று உயர்ந்தது. பெல்ட்டைத் தளர்த்தும் முன்பே ஃபேனைக் கழற்றப் பார்த்தாள், மறுபடி உள்ளங்கை. ஃபேன் போல்ட் ஒன்று அசையவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அவர் நாற்காலியின் கைப்பிடியில் தட்டித் தட்டிக் காட்டினார். அவள் சுத்தியலால் ஸ்பேனரை அதேபோலத் தட்டியதும் அது கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. பழைய பம்ப் கையோடு வந்தபோது உள்ளே தேங்கியிருந்த துருத் தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சியடித்தது. அவர் சிரித்தார். கோணிப்போன வாயின் ஒரு பக்கத்தால் சிரிக்கிற சிரிப்பு. தோள்பட்டை குலுங்கியது.

“சிரிங்க சிரிங்க, ஓசியில வேலைக்காரி கிடைச்சிருக்கா” என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

தண்ணீர் கசியாமலிருக்க நடுவில் வைக்கிற பழைய பேக்கிங் அட்டை இன்ஜினோடு ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டி எடுத்தாள். அவர் அருகே வந்து பார்க்க முடியாததால், துணியை அதன்மேல் ஓட்டி, சிக்குகிறதா என்று பார்க்கும்படி கையை ஆட்டிக் காட்டினார். சிக்கியது; மறுபடி சுரண்டினாள். புதுப் பேக்கிங்கை வைத்து, பம்பைப் பொருத்தி, போல்ட்டுகளைக் கையால் ஏற்றினாள். பழைய போல்ட்டுகள்தான், சின்னவை, உடம்பெல்லாம் துரு. இதுவரை இடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி இறுக்க வேண்டியதுதான். எந்த அளவு போதும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அது கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். அவள் ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறாளே தவிர இறுக்கியதில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை சரியான நேரத்தில் உயர்ந்தது.

கடைசிக்கு முந்தியதில் இருந்தபோது தம்பியின் போன் வந்தது. கையெல்லாம் கரி. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு பானெட் ஓரத்தில் வைத்தாள். வேலை முடியப்போகிறது என்று கேட்டதும் அவன் துள்ளினான்.

“அண்ணி, சாயந்தரம் பெயிண்டரையும் கூட்டிட்டு வர்றேன். கதவுல அண்ணன் பேரும் போன் நம்பரும் இருக்குல்ல, அதை அழிச்சிட்டு என்னோடதைப் போட்டுடலாம். குடோன்ல கேப்பாங்க.”

சரி வா என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். கடைசிப் போல்ட். இறுக்கினாள். நின்றது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். அவர் கை மடியில் கிடந்தது.

“ஏங்க, போதுமா? இன்னும் இறுக்கணுமா?”

“சரி.”

கையைப் பார்த்தாள். அசையவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பேனரை மறுபடி மாட்டி, உடம்பின் பாரத்தையும் சேர்த்து அழுத்தினாள். இரும்பு ஒரு கணம் குழைந்ததுபோல் இருந்தது. பிறகு ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம். போல்ட்டின் தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது. மிச்சம் இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். அப்போதுதான் அவருடைய இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. உள்ளங்கையை விரித்து அவளுக்குக் காட்டினார். நிறுத்து.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டாள். தவறாகக் காட்டிய கை அல்ல அது. இவ்வளவு நேரம் ஒரு மயிரிழை தப்பாத கை.

“வேணும்னுதானே செஞ்சீங்க?” என்றாள். “வண்டியைத் தூக்கிக் குடுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? நான் எங்க போவேன், சொல்லுங்க.”

அவர் பார்வையை விலக்கவில்லை. வெட்கமோ வருத்தமோ அந்த முகத்தில் இல்லை. சாலையில் எதிரே வருகிறவன் விலகட்டும் என்று நடுவில் நிற்கிற வண்டியைப்போல நின்றது அந்தப் பார்வை.

தெருக்கோடியில் வெல்டிங் கடை இருக்கிறது. முறிந்த போல்ட்டை எடுக்க அந்தக் கடைக்காரரால் முடியும் என்று அவளுக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் கேட்டைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். மதில் நிழல் சுருங்கி, வெயில் அவருடைய பாதத்தில் ஏறியிருந்தது. நாற்காலியை உள்ளே தள்ள நாலு எட்டு நடந்தால் போதும். அவள் கேட்டைச் சாத்தினாள்.

வெல்டிங் கடைக்காரர் ஒரு ஜன்னல் கிரில்லைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றார். பரவாயில்லை, இருக்கிறேன் என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தாள். தீப்பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் துடைத்துவிட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்த நேரம் முழுக்க வெயில் நினைவில் இருந்தது. எழுந்திருக்கத்தான் இல்லை.

இருவரும் வீட்டுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நிழலை நோக்கி நகரப் பார்த்துச் சரிந்திருக்க வேண்டும். செத்துப்போன பக்கம் அடியில் மாட்டிக்கொள்ள, கன்னம் கொதிக்கும் சிமெண்ட் தரையில் அழுந்தக் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. உதடு வெடித்து, நாக்கு மரக்கட்டைபோல் இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் பதறிப்போய்த் தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடித்தாள். உள்ளே கிடத்தி, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்து, வேட்டி மாற்றினாள். தரையில் பட்ட கன்னம் தோலுரிந்து சிவந்திருந்தது. அவள் ஈரத்துணி வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்காரர் முறிந்த போல்ட்டின்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். சூடு ஆறியதும் திருகினார், வந்துவிட்டது. கைப்பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டைத் தேடிக் கொடுத்துப் போனார். அதை அவளே மாட்டி, அவளே இறுக்கினாள். யாரையும் கேட்கவில்லை. ஃபேனையும் பெல்ட்டையும் போட்டு, தண்ணீர் ஊற்றி, வண்டியை உயிர்ப்பித்தபோது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சாயந்தரம் பெயிண்டர் வந்து பழைய பெயரை தின்னர் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்து அழித்தான். தம்பி ஹாரனடித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனான்.

அன்று வந்த காய்ச்சல் பல நாள் இருந்தது. பார்க்க வந்த டாக்டர் கன்னத்துக் காயத்தைக் கேட்டார். நாற்காலி சறுக்கிவிட்டது என்றாள். தம்பி அதற்குமேல் போய், “அண்ணி மாதிரி பாத்துக்க யாராலயும் முடியாது டாக்டர்” என்றான். கட்டிலில் இருந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவர் அவள் கையால் சாப்பிட மறுத்தார். பல்லைக் கடித்துக்கொள்வார். தம்பி வந்து ஊட்டினால் சாப்பிடுவார். வர வர வண்டிச் சவாரியில் தம்பிக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் எலும்பாகிக்கொண்டு வந்தார். ஒரு மத்தியானம் அவள் தட்டைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். உரக்கப் பேசவில்லை.

“கேட்டைச் சாத்தும்போது வெயிலைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்” என்றாள். “உங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல.”

அவருடைய இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய பிடி, இன்னும் தளரவில்லை. எலும்பு நொறுங்கிவிடும்போல் வலித்தது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. அவராக விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். விட்டதும், மரத்துப்போன கையால் ஒரு கவளத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.