விறகுக்காரன் எதற்கு அடையாளம்?

பபேடானில் ஒரு மூன்றாம் மாடியில் கபீர் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறார்; பர்மிய வழக்கப்படி பிள்ளைகளுக்கு அவர் 'சயா', வாத்தியார். ஜப்பானுக்கு ஆள் அனுப்புவதும் அவர்தான். வகுப்புச் சுவரில் ஜப்பானிய மரஅச்சுப் படம் ஒன்று: கொட்டும் பனி, பாரத்தில் தரையைத் தொட வளைந்த மூங்கில்கள், கீழே விறகு சுமந்து போகும் ஒரு ஆள்.

"மூங்கில் எதுக்கு அடையாளம்?"

"பொறுமைக்கு, சயா. வளையும், ஒடியாது," என்று வகுப்பு ஒப்பித்தது.

"பனி?"

"ஃபிரிட்ஜுல பாத்திருக்கோம், சயா. கரண்டு இருந்தா," என்றான் மோகன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சோதனைக்குடா! முதலாளிங்க இந்தப் படத்தக் காட்டித்தான் கேப்பாங்க."

ருக்சார் சிரிக்கவில்லை. அவள் அண்ணன் அஸ்கரும் இதே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனவன்தான். ஹொக்கைடோவில் கம்பெனிக் கூரைமேல் பனியை வாரித் தள்ளும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அது வேலை நேரமே இல்லை என்று கம்பெனி கைகழுவியது. உம்மா அழுதுகொண்டு வந்து நின்றபோது கபீர் இந்தப் படத்தைத்தான் காட்டினார்: "மூங்கிலாட்டம் இருக்கச் சொல்லுங்க."

இன்று ருக்சாருக்கு நேர்காணல். அஸ்கர் படுத்திருக்கும் அதே ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. கிடைத்தால்தான் அவனைப் போய்ப் பார்க்க முடியும்.

கணினித் திரையில் வந்த முதியோர் இல்லத்து அம்மாள் கனிவாகவே கேட்டார்: "படத்தில் என்ன தெரிகிறது?"

கேமராவுக்கு மறைவில் நின்று கபீர் வாயசைத்தார். மூங்கில். பொறுமை.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விறகுக்காரனின் முதுகு கண்ணில் பட்டது. அவன் எதற்கு அடையாளம் என்று இந்த வகுப்பில் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

"ஒரு மனிதன் தெரிகிறான்," என்றாள் ஜப்பானிய மொழியில். "அவன்மேலும்தான் பனி கொட்டுகிறது. எல்லாரும் மூங்கிலை மட்டும் மெச்சுகிறார்கள். என் அண்ணன் உங்கள் ஊரில்..."

திரை உறைந்தது. வைஃபை பெட்டியின் ஒயர் கபீரின் கையில் இருந்தது.

"கரண்டு போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன். ஒன் நல்லதுக்குத்தான், புள்ள. இப்படிப் பேசினா இனிமே எவன் நம்மாளுங்கள எடுப்பான்?"

ருக்சார் அண்ணாந்து பார்த்தாள். முறைக்காகக் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

"ஃபேன் சுத்துது, சயா." அவள் எழுந்திருக்கவில்லை. "ஒயரச் சொருகுங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல."

கபீர் ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மோகன் எழுந்து வந்து தன் போனை அவள் பக்கத்தில் வைத்தான். "இதுல நெட் இருக்கு. போடு."

"அடுத்து ஒன் முறைடா, மோகன்," என்றார் கபீர்.

"தெரியும், சயா."

அம்மாளின் முகம் மறுபடி திரையில் தெளிந்தது. "உங்கள் அண்ணனுக்கு என்ன?" என்றார்.