நான் போடாத தோள்

புளியங்கூடல் ஏரம்புப் பரியாரியின் எண்ணெய் பட்டால் எட்டாம் நாள் அடிபட்ட இடமே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லும். அந்த நாட்டு வைத்தியன் ஏரம்பு நான்தான். ஊரைவிடக் கூடுதலாக நானே அதைச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பெருமைதான் என்னைப் பொலிஸ் நிலையத்துக் கைதிக் கூட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. அறுபத்தெட்டாம் ஆண்டு மாசியில், கூட்டுறவுச் சங்கக்கடையை உடைத்தான் என்ற சந்தேகத்தில் கிறிஸ்தோப்பர் என்ற மீனவனைப் பிடித்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். சார்ஜன்ட் எனக்கு ஆள் அனுப்பினார். இரக்கமுள்ள மனிதர் என்று நினைத்து எட்டு நாள் போய் எண்ணெய் பூசினேன். பிடித்தவனை ஒரு நாளுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். இவர்களோ காயம் ஆறும்வரை அவனைப் பிடித்ததாகவே புத்தகத்தில் எழுதுவதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

நீதவான் கோட்டில் கிறிஸ்தோப்பர், "அடிச்சவை ஐயா" என்றான். நீதவான் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு பச்சைப் பிள்ளையின் முதுகுபோல இருந்தது. பொய் சொல்லாதே என்று அவனை அதட்டினார். பின்வாங்கில் இருந்த எனக்கு வாய் எழவில்லை. பயம், வேறொன்றுமில்லை. கிறிஸ்தோப்பர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினான்.

ஐப்பசியில் மறுபடியும் சார்ஜன்டின் ஆள் வந்தான். இந்த முறை அகப்பட்டவன் யாக்கோப்பு, அவனும் கடலுக்குப் போகிறவன். நான் புறப்படும்போது அவன் பெண்சாதி ஜசிந்தா ஒழுங்கையில் மறித்தாள்.

"பரியாரியார், அங்கையோ போறியள்?"

"ஓம் பிள்ளை. போகாட்டில் என்னை விடுவினமே?"

"போங்கோ. ஆனால் காயத்தை மாத்திப்போடாதேங்கோ. நீதவான் ஐயா தன்ரை கண்ணால பாக்கவேணும். கிறிஸ்தோப்பற்றை முதுகைத் துடைச்சு விட்டது நீங்கள்தானே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம்.

கூட்டுக்குள் யாக்கோப்பு சுவரோடு சாய்ந்து கிடந்தான். கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். முதுகெல்லாம் நீலம். வலது தோள்மூட்டு விலகி முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. ஒரே இழுவையில் திரும்ப இடத்தில் போட்டுவிடலாம். என் கை தானாகவே நீண்டது.

"விடுங்கோ," என்றான் மெதுவாக. "ஜசிந்தா சொல்லேல்லையோ? சோத்தோடை வந்தவளிட்டைச் சொல்லி விட்டனான்."

"சொன்னவள். நாள் தப்பினால் பிறகு மூட்டு ஏறாது தம்பி. உன்னாலை வலை வீச ஏலாது."

"கிடக்கட்டும்."

வாசலில் சார்ஜன்ட் நின்றார். "என்ன குசுகுசுப்பு? கெதியாப் போட்டுவிடும்."

நான் தோளைப் பிடித்து, போடுகிறவன் மாதிரி ஒரு பொய் இழுவை இழுத்தேன். அவன் உண்மையாகவே அலறினான். சார்ஜன்ட் திருப்தியாகத் தலையாட்டினார். போத்தலில் இருந்தது வெறும் தேங்காயெண்ணெய். எட்டு நாளும் இதே நாடகம். மூட்டு பிழையான இடத்தில் இறுகிக்கொண்டு போவதை ஒவ்வொரு நாளும் என் விரல்கள் அறிந்தன. பூசினால் பொலிசுக்குக் கையாள், பூசாவிட்டால் நோயாளிக்குத் துரோகி.

எட்டாம் நாள் சார்ஜன்ட், தோளில் நான் சுற்றிய கட்டை விட்டு முதுகைக் குனிந்து பார்த்தார். "இன்னும் நீலம் கிடக்குது?"

"உள்ளுக்கை கிடந்த ஊமைக்காயம். இப்பதான் வெளியாலை வருது. விடிய இருக்காது."

"உம்மடை எண்ணெயை நம்பித்தான் எழுதுறன்," என்று அன்றைக்குத்தான் பிடித்ததாகப் புத்தகத்தில் எழுதினார். அவர் நம்பினார். என் தம்பட்டம் வாழ்க்கையில் ஒரு முறையாவது உதவியது.

அடுத்த நாள் கோட்டில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது யாக்கோப்புக்குக் கை எழும்பவில்லை. சேவகன்தான் கழற்றினான். நீதவான் கதிரையை விட்டு எழும்பி வந்து பார்த்தார்.

"இவனுக்கு வைத்தியம் செய்தது ஆர்?"

இந்த முறை நான் எழும்பினேன். "நான்தான் ஐயா. எட்டு நாளாய்ப் பொலிசுக்குப் போய் வந்தனான்."

நீதவான் புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். நேற்றுத்தான் பிடித்ததாகச் சொன்ன அந்த ஒரு தேதியே போதுமாக இருந்தது. யாக்கோப்பை விட்டார்கள். சார்ஜன்ட்மேல் வழக்கு நடந்து உடுப்பும் கழன்றது.

பெரியாஸ்பத்திரியில் யாக்கோப்பின் தோளைப் பார்த்து, நாள் தப்பிவிட்டது என்றார்கள். எனக்கு அது முதலே தெரியும். இப்போது அவன் கரையில் இருந்து மற்றவர்களின் கிழிசல் வலையைப் பொத்துகிறான். என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடப் பார்ப்பான். ஒரு கைதான் எழும்பும்.