கோடு தாண்டிய நட்டு

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது காரின் முன் சக்கரத்தருகே குனிந்தேன். என் கோடு விலகியிருந்தது.

கோடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நட்டின் தலையில் தொடங்கிச் சக்கரம் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் நானே இழுத்த சின்னக் கோடு. நட்டு அசைந்தால் கோடு இரண்டு துண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு லிஃப்டுகளைச் சோதிக்கும் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக "யாரும் தொடலை சார்" என்று சொல்பவர்களை நம்பாமல் கோடுகளை மட்டும் நம்பிச் சம்பளம் வாங்குகிறேன். இப்போது கோடு ஒரு சுண்டுவிரல் அகலம் தள்ளிப் போயிருந்தது. சுற்றி வந்து பார்த்தேன். நாலு சக்கரத்திலும், இருபது நட்டிலும், அதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதல்முறையாக ரேஸ் ட்ராக்கில் ஓட்டப்போகிறேன். போட்டியெல்லாம் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆசை தீர வேகமாக ஓட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். நாற்பத்தேழு வயதில் இது தேவையா என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். பிரேக் ஆயிலை மாற்றினேன். பின்சீட்டு, மிதியடி, ஸ்டெப்னி, டிஷ்யூ டப்பா என்று காரில் அசையக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ட்ராக்கின் வரைபடத்தை அச்செடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பதினான்கு வளைவுகளையும் விரலால் ஓட்டிப் பழகினேன். கழுத்துக்குப் பலம் வரவேண்டுமென்று ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டிவி பார்த்தேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி காபியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, "ஸ்ட்ரா வேணுமா?" என்று கேட்டாள்.

போன சனிக்கிழமை புதுச் சக்கரங்கள் மாட்டினேன். மச்சினன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், அவனைக் கூப்பிடவில்லை. எனக்கு அடுத்தவன் கையில் நம்பிக்கை கிடையாது. வேண்டிய அளவு இறுகியதும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, இருபது நட்டையும் நானே இறுக்கிக் கோடு போட்டேன். அதன்பிறகு மூன்று நாள் ஆபீசுக்குப் போய்வந்ததைத் தவிர வண்டி எங்கும் போகவில்லை.

அப்படியானால் யார்?

ரெஞ்சின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிடியை எப்போதும் இடது பக்கமாக வைப்பேன், அது வலது பக்கமாகக் கிடந்தது. வெளியாள் யாரும் வீட்டுக்குள் வந்து, என் ரெஞ்சை எடுத்து, வேலையை முடித்துவிட்டு, பெட்டியில் வைத்துவிட்டுப் போகமாட்டான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மச்சினனிடம் ஒரு சாவி இருக்கிறது. அவனுக்கு போன் போட்டேன்.

"மாப்ள, என் வண்டியத் தொட்டியா?"

"உங்க வண்டியவா? எனக்கென்ன பைத்தியமா அத்தான்? போன வருஷம் டயருக்குக் காத்து அடிச்சதுக்கே அரை மணி நேரம் விசாரிச்சீங்க."

உண்மையைச் சொல்பவன் இத்தனை வார்த்தை பேசமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை நாளெல்லாம் திருகுகிற கை. வண்டியை யாராவது தொட்டார்களா என்று கேட்டேன். "உங்க வண்டிய யாரு தொடுவா?" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேள்விக்குப் பதிலாகக் கேள்வி. என் உத்தியோகத்தில் இதற்குத் தனியாகக் குறிப்பு எழுதுவோம்.

அன்றைக்கு முழுவதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ட்ராக்குக்குப் போகிறேன் என்று முதலில் சொன்னபோது இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவள், பிறகு திடீரென்று அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். போன வாரம் இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறதென்று கேட்டாள். எதற்கு என்றதற்கு "சும்மாதான்" என்றாள். பதினெட்டு வருடமாக என்னோடு வாழ்கிறவளைப் பற்றி இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன். என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று நினைக்கும் அளவுக்கு மூளை கெட்டுப்போகவில்லை. போகவிடாமல் செய்யப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நட்டை அளவுக்கு மீறி இறுக்கி போல்ட்டை முறித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டிலேயே நிற்குமே.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. குறி விலகியிருந்தால் முதலில் குறிக்குத் திருப்பு, விசாரணை பிறகு. டார்க் ரெஞ்ச் இறுக்குவதற்கு மட்டும்தான் என்பதால் சாதாரண ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நட்டையும் கொஞ்சமாகப் பின்னால் திருப்பி, உடைந்த கோடு ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினேன். இருபது கோடும் நேரானபோது மனசு அப்படியொரு நிம்மதி அடைந்தது. மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் கை வைக்கட்டும், கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் வண்டிப் பக்கமே போகவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஞாயிறு காலை ஷூ மாட்டிக்கொண்டு வந்து, "நானும் வர்றேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எதற்கு என்றேன். "பாக்கறதுக்குத்தான். வேற எதுக்கு?" மறுபடியும் கேள்வி. பெரிய சாலையில் வேகமெடுத்ததும் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. சாலை சரியில்லை என்று நினைத்தேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ட்ராக்கில் உள்ளே விடுவதற்குமுன் எல்லா வண்டிகளையும் சோதித்தார்கள். எங்கள் வரிசைக்கு ஒல்லியான ஓர் ஆள் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் யாரையும் நம்பாத களை. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. கோடுகளைக் காட்டினேன். அவர் அதைச் சட்டை செய்யாமல், தன் ரெஞ்சை முன் நட்டில் மாட்டி அழுத்தினார். கிளிக் வரவில்லை. நட்டு நகர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் நகர்ந்தது. அவர் நிமிர்ந்தார்.

"யார் சார் இறுக்கினது? இதோட உள்ள போனா ரெண்டு ரவுண்டு தாங்காது. வீல் தனியா ஓடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "நான்தான் சார்."

திரும்பினேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"புது வீல் மாட்டினா கொஞ்சம் ஓட்டினதும் மறுபடி ஒரு தடவ இறுக்கணும்னு தம்பி சொன்னான். இவர்கிட்ட சொன்னா, உன் தம்பிக்கு என்ன தெரியும்பார். அதான் இவர் தூங்கி எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி புதன்கிழம காலையில நானே பண்ணினேன். கிளிக் வர வரைக்கும்தான் சார் இறுக்கினேன். நான் சரியாப் பண்ணலையா?"

"தம்பி சொன்னது சரிதாம்மா. ஓடினதும் நட்டு நல்லா உக்காரும், கொஞ்சம் லூஸாகும். திரும்ப இறுக்கினா பழைய கோட்டத் தாண்டித்தான் போய் நிக்கும்." அவர் என் நேர்கோடுகளை ஒருமுறை பார்த்தார். "இது தாண்டலையே. நாலையும் இறுக்கிட்டுக் கூப்பிடுங்க." அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கள இதுல உக்கார வெச்சு அனுப்பப் பாத்தேனே" என்றாள். நான்தான் திருப்பினேன் என்று சொல்ல நாலு வார்த்தைகூட வேண்டாம். லிஃப்டில் தப்புக் கண்டுபிடித்து எத்தனை பேரைத் தலைகுனிய வைத்திருக்கிறேன், எனக்குத் தலைகுனிய வரவில்லை. டிக்கியிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீயே இறுக்கு."

அவள் தயங்கினாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த ஆள் தொடாத நட்டாகப் பார்த்து ரெஞ்சை மாட்டி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து மெல்ல அழுத்தினாள். கோடு பிரிந்தது. நட்டு நகர்ந்து நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது.

கிளிக்.

அவள் அடுத்த நட்டுக்குப் போகவில்லை. குனிந்து, கண்ணாடி லென்ஸைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்தாள். சுண்டுவிரலை வைத்து அளந்தாள்.

"அன்னிக்கும் இங்கதான் வந்து நின்னுச்சு" என்றாள்.

நான் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"பேனா."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நட்டு நின்ற இடத்தில் நிதானமாகப் புதுக்கோடு ஒன்று இழுத்தாள். என் பழைய கோட்டை அழிக்கவில்லை. ஒலிபெருக்கியில் என் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் காதில் விழாதவள் போலப் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடுத்த நட்டில் ரெஞ்சை மாட்டினாள்.