ஆக்சிஜன் மேசைக்குச் சந்தனப் பொட்டு

நிலாவுக்கு ஆள் அனுப்பிய காலத்துக் கட்டுப்பாட்டு மேசை ஒன்று, பினாங்கில், பாயான் பாருவில், ஏழாவது மாடியில், எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. நான் செய்ததுதான். பகலெல்லாம் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சம்பளமில்லாமல் அதையே செய்வதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர்.

பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைபடம் போட்டேன். ஜுருவில் தகரம் வளைக்கும் பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எடுக்கப் போனால் மேசையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. இவ்வளவு பெரிய தள்ளுவண்டியில் அடுப்புக்கு இடம் விட மறந்துவிட்டேனே என்று பரிதாபப்பட்டு அவராகச் செய்த உபகாரம். ஓட்டையில் கடிகாரத்தைப் பொருத்தினேன். வாணலி அகலத்துக்குக் கடிகாரம் வைத்த கட்டுப்பாட்டு மேசை உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

என்னைப் போன்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மேசை செய்து, இணையத்தில் ஒன்றுகூடி, இல்லாத கப்பலை நிலாவில் இறக்குவார்கள். தலைவர் டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு மேசையாகக் கூப்பிட்டுக் கேட்பார். எல்லாரும் "கோ" சொன்னால்தான் கப்பல் இறங்கும். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஆக்சிஜன் மேசை எனக்குக் கிடைத்தது. முதல் பயணத்திலேயே பதில் சொல்லாமல் விட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது சங்கத்தின் விதி. அந்த அடுத்தவர் ஒரு பெல்ஜியக்காரர். தினமும் காலையில் குழுவில் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அதை அன்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் மனைவி குணவதிக்கு அது மேசையே இல்லை, 'பெட்டி'. துணி காயப்போட மட்டும்தான் அவள் அதன் பக்கம் போவாள். அதனால்தான் ஆயுத பூஜையன்று எனக்கு அந்த ஆசை வந்தது. வருடா வருடம் என் ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர், கார் சாவி, அவளுடைய தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைப்பாள். தையல் மெஷினுக்குக் கிடைக்கும் மரியாதை என் மேசைக்கும் கிடைக்கட்டும் என்றேன்.

"நல்லா யோசிச்சுக்குங்க," என்றாள் குணவதி. "பூஜையில வெச்சுட்டா நாளைக்கு மறுபூஜை முடியிற வரைக்கும் தொடக்கூடாது."

அதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றேன். பெருந்தன்மையாக, ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனிப் பொட்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பூஜைத் தேதி சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் இருந்தது. பயணத் தேதி என் கைப்பேசியில் இருந்தது. இரண்டுக்கும் அறிமுகம் கிடையாது. கற்பூரம் காட்டி முடித்து, முதல் பிடி சுண்டலை வாயில் போட்ட நேரத்தில் கைப்பேசி கிணுகிணுத்தது. இன்று மாலை என் முதல் நிலாப் பயணம்.

நான் கெஞ்சினேன். பெல்ஜியக்காரரைப் பற்றி எடுத்துச் சொன்னேன். சரஸ்வதிக்கு பெல்ஜியம் எல்லாம் தெரியாது என்று அவள் முடித்துவிட்டாள். கடைசியில் சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். பூஜை செய்தவர்கள் நாங்கள்தானே? என் நண்பர் சீனி பாய் இல்லையே?

குணவதி வெகுநேரம் யோசித்தாள். அம்மா வீட்டிலும் கோயிலிலும் இப்படி ஒரு கேள்வி எழுந்ததே இல்லை போலிருக்கிறது. பாய் அண்ணன் தொட்டால் அது அவருக்கும் சாமிக்கும் உள்ள விவகாரம், தான் தலையிடப் போவதில்லை என்று தீர்ப்பு வந்தது.

சீனி முகம்மதுக்கு சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை. எனக்கு மூத்தவர், என் கிறுக்குத்தனம் எதையும் ஏன் என்று கேட்காதவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கைக்கொரு பொட்டலமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஒரு முக்காலியில், கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சொல்ல வேண்டியது, அவர் அமுக்க வேண்டியது. ஒவ்வொரு தடவையும் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பொட்டு அழியாம ஓரமா அமுக்குறேன் லா," என்று குணவதிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

ஆக்சிஜன் நிலவரம் என்ன என்று ஹென்ரிக் ஆங்கிலத்தில் கேட்டார். நான் எண்களை முணுமுணுப்பதற்குள் சீனி பாய் மைக்கை அமுக்கிவிட்டார்.

"ஆக்சிஜன் பாஞாக், நெறைய இருக்கு பாஸ். பத்தலேன்னா சொல்லுங்க, இன்னும் ஊத்தலாம்."

என்ன புரிந்ததோ, டென்மார்க் நன்றி சொன்னது.

கப்பல் நிலாவை நெருங்கியது. இறங்கலாமா என்ற அந்தக் கடைசிக் கேள்விக்குச் சில நிமிடங்களே இருந்தபோது, கீழே பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. சீனி பாய் எழுந்தார்.

"தொழுதுட்டு வந்துடுறேன் மோகன். அதுவரைக்கும் கப்பலைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு."

அவர் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்துவிட்டு உள்ளறைக்குள் போனார். நான் மைக் பொத்தானைப் பார்த்தேன். அது சந்தனமும் குங்குமமுமாக, புது மாப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தது. கையை அக்குளிலிருந்து எடுக்கவில்லை. வாக்கு என்றால் வாக்கு. ஸ்பீக்கரில் ஹென்ரிக் ஒவ்வொரு மேசையாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

குணவதி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றாள். என் இடம் போய்விடும் என்றேன்.

"அத கேக்கல. மேல இருக்கிறவங்க என்ன ஆவாங்க?"

மேலே யாருமில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு என்று காலையில் நானே அவளுக்கு விளக்கியிருந்தேன். ஆனால் கப்பலில் இருப்பவர்களாக நடிக்கும் சங்கத்துக்காரர்கள் இருவரின் குரல்கள் மாலை முழுக்க வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒருவருக்கு இருமல் வேறு.

"எறங்காம திரும்பிடுவாங்க," என்றேன்.

"அவ்வளவு தூரம் போயிட்டா?"

அவள் முகம் மாறியது. விறுவிறுவென்று விளக்கைத் தூண்டினாள், மிச்சமிருந்த சுண்டலைப் படைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள். நாளைக்குச் செய்யும் மறுபூஜையை இன்றைக்கே செய்துவிடுவாளாம். ஆபத்துக்குப் பாவமில்லையாம். இனி படைத்ததை வடக்கே கொஞ்சம் நகர்த்திவிட்டால் பூஜை முடிந்ததாகக் கணக்கு.

மற்ற வீடுகளில் நகர்த்துவது ஒரு சாமி படம்.

வடக்கு எது என்று கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். மேசைக்குள் இருந்த ஸ்பீக்கர் காந்தங்கள் அதைப் பைத்தியமாக்கின. எந்தப் பக்கம் நின்றாலும் முள் என் மேசையையே காட்டியது. நிலாவுக்கு வழி சொல்ல உட்கார்ந்தவனுக்குத் தன் வீட்டு வடக்கு தெரியவில்லை. குணவதி உள்ளறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பாய் அண்ணன் மேற்க பாத்துத் தொழுறாரு," என்றாள் தணிந்த குரலில். "அப்ப அவரு சோத்துக்கை பக்கம் வடக்கு. தள்ளுங்க."

பழுதான காரைத் தள்ளுவது போல் இருவரும் தோளைக் கொடுத்தோம். மேசை முனகியது, ஒரு சாண் நகர்ந்தது. சுவரில் 'டப்' என்று சத்தம். பிளக் கழன்றுவிட்டது. விளக்குகள், திரை, ஹென்ரிக், எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன.

கையிலிருந்த கைப்பேசி அடித்தது. ஹென்ரிக்தான். பினாங்கைக் காணோமே, உங்களுக்காகத்தான் எல்லாரும் நிற்கிறோம், 'கோ'வா, இல்லையா?

நான் வாயைத் திறந்தேன். மேசை தள்ளிய மூச்சிரைப்பில் காற்றுதான் வந்தது. ஆக்சிஜன் அதிகாரிக்கு ஆக்சிஜன் இல்லை.

குணவதி கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"கோ லா," என்றாள். "பாத்து, பத்திரமா எறங்கச் சொல்லுங்க."

மறுமுனையில் யாரோ ஒருவர் எண்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு பல நாட்டுக் குரல்களில் கைதட்டல். குணவதி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று சொன்னாள். நானும் வியர்வை என்றுதான் சொன்னேன்.

சீனி பாய் தொப்பியை மடித்துக்கொண்டே வெளியே வந்து, இருட்டு மேசையைப் பார்த்து, எங்களைப் பார்த்தார்.

"எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க அண்ணே," என்றாள் குணவதி. "சாப்பிட்டாங்களான்னுதான் தெரியல."

மறுநாள் சங்கத்தின் முடிவு வந்தது. ஆக்சிஜன் மேசை பினாங்கிலேயே இருக்கும், குணவதி அம்மையாரின் பெயரில். கடைசி நேரத்தில் அவ்வளவு நிதானமான குரலை அவர்கள் கேட்டதில்லையாம். எனக்கும் ஒரு பதவி ஒதுக்கியிருந்தார்கள். அடுத்த பயணத்தில் நான் சுவரோரமாக உட்கார்ந்து பிளக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.