ரெஃப்ரீயின் கணுக்கால்

கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஓஸ்வால்டின் இடது கால் வாசற்படியில் பாதியும் வெளியில் பாதியுமாகப் பட்டு, உள்பக்கமாக மடங்கியது. அது கடைசிப் படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பாக்கெட்டை மட்டும் நெஞ்சோடு பிடித்தபடி அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். காக்ஸ் டவுனில் அதே வீட்டில் பிறந்து, அதே படியில் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஏறி இறங்கியவர். அதில் பாதிக்காலம், ஞாயிற்றுக்கிழமைதோறும், கறுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு பெங்களூரின் மேடும் பள்ளமுமான செம்மண் மைதானங்களில் இருபது வயதுப் பையன்களுக்குச் சமமாக ஓடி விசில் அடித்த கால்பந்து ரெஃப்ரீ. மழையில் ஓடியிருக்கிறார், சேற்றில் ஓடியிருக்கிறார், ஒருமுறை மைதானத்துக்குள் புகுந்துவிட்ட எருமையைச் சுற்றிக்கொண்டும் ஓடியிருக்கிறார். ஒருநாளும் கால் பிசகியதில்லை. மனைவி பவுலின் உள்ளேயிருந்து ஓடிவந்து, "பால் எடுக்கப் போயா இப்படி?" என்று கேட்டபோது, வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குதான் என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார். அந்த 'வெறும்' என்ற சொல்லை ஓஸ்வால்ட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி வைத்தார்கள். காலுக்கடியில் இரண்டு தலையணை. கணுக்கால் முதலில் பன்ரொட்டி மாதிரி உப்பியது, பிறகு நீலமானது, பிறகு பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கி விரல் வரைக்கும் இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து புளியும் உப்பும் குழைத்த பற்று ஒரு கிண்ணத்தில் சூடாக வந்தது. போட்டு உலர்ந்த பிறகு தோலோடு பிய்த்துக்கொண்டு வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவருக்கு மேஜை வேலைதான். ஆட்டோவில் போய், குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டு ஃபைல் பார்த்தார். யார் கேட்டாலும், "சண்டே மேட்ச்சுக்குள்ள சரியாயிடும்" என்றார். எந்த சண்டே என்று சொல்லவில்லை.

வீக்கம் பாதி வடிந்த ஒரு ஞாயிறு, பவுலின் பூசைக்குக் கிளம்பிப் போன பிறகு, கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனார். சும்மா பார்க்கத்தான் போனார். ஆனால் கொடி பிடிக்கிற ஆள் ஒருவன் வரவில்லை. கோட்டோரமாக ஓடுவதுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு, வேகமாகத் திரும்பிய ஒரு நொடியில், அதே கணுக்கால், அதே பக்கம். இந்த முறை உள்ளே ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தை அவரே கேட்டார்.

வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி டிவியைப் போட்டுக்கொண்டார். பேண்டேஜில் ஒட்டியிருந்த செம்மண்ணை மறந்துவிட்டார். பவுலின் முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். கத்தவில்லை. டிவியை நிறுத்திவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஞாயித்துக்கெழமன்னா நான் தனியாத்தான் பூசைக்குப் போறேன். தனியாத்தான் வர்றேன். ஏஞ்சலா பொறந்தப்பகூட நீங்க கிரவுண்ட்லதான் இருந்தீங்க. ஒருநாள் கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேக்கறேன். கால் ஆறுற வரைக்கும் உக்காருங்க. எனக்காக இல்ல. ரெண்டு பேருக்கும் வயசாவுது. உங்களத் தூக்கிட்டு அலைய என்னால முடியாது."

சொல்லிவிட்டு அவளே குனிந்து பேண்டேஜை அவிழ்த்தாள். மண் தரையில் உதிர்ந்தது. அவளுடைய விரல்கள் கணுக்காலைத் தொட்டபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஏஞ்சலா இப்போது துபாயில் வேலை பார்க்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

அவர்கள் கோயிலைச் சேர்ந்த டோரீன் என்ற பிசியோதெரபிஸ்ட் பெண்ணைப் பவுலின் வரவழைத்தாள். ஏஞ்சலாவைவிடச் சின்னவள். காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், எழுந்து இந்தக் கால்ல மட்டும் நில்லுங்க" என்றாள். எழுந்து நின்றார். நின்ற வேகத்திலேயே சாய்ந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மேட்ச் முழுக்க ஓடுகிற மனிதனுக்கு ஒற்றைக்காலில் நிற்க வரவில்லை.

"வலி போனா சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டீங்க. லிகமென்ட் அறுந்து ஒட்டற வரைக்கும் கால் எங்க இருக்குன்னு காலுக்கே தெரியாது. அதுக்கு மறுபடியும் கத்துக்குடுக்கணும்."

அவள் கற்றுக்கொடுத்தவை எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தன. துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். காலைத் தொங்கவிட்டுக் கட்டை விரலால் காற்றில் ஏ முதல் இஸட் வரை எழுத வேண்டும். ஓஸ்வால்ட் விதிமுறைகளை மதிக்கிறவர். காலையும் மாலையும் தவறாமல் எழுதினார். ஒரு வாரத்தில் அலுத்துப்போனது.

சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பவுலின், "தமிழ்ல எழுதுங்களேன்" என்றாள்.

"எனக்கு எங்க வரும்?"

அது இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஓஸ்வால்ட் படித்தது இங்கிலீஷ் மீடியம், செகண்ட் லாங்வேஜ் கன்னடம். பஸ் போர்டைக் கன்னடத்தில் படிப்பார், பேப்பரை இங்கிலீஷில் படிப்பார், ஜெபத்தைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்வார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பவுலின் ஆம்பூர்ப் பெண். பள்ளி இறுதி வரைக்கும் தமிழில் படித்தவள். கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து வார இதழ்களை வரவழைத்துப் படிப்பாள். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவருடைய உள்ளங்கையில் ஈரவிரலால் ஓர் 'அ' போட்டாள்.

அவர் கால் கட்டை விரலைத் தூக்கிச் சுழித்துப் பார்த்தார். கணுக்கால் ஒரு முனகலோடு திரும்பியது. அடுத்து 'ஆ'. 'இ' அவரைப் படாதபாடு படுத்தியது. 'ண' வந்தபோது, "இத்தன சுழி எதுக்கு? ரெண்டு போதாதா?" என்று கேட்டார். "ரெண்டு போட்டா வேற எழுத்து" என்று அவள் சிரித்தாள். டோரீன் அடுத்த முறை வந்து கணுக்காலை எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள் பண்ணீங்க? நல்லா சுத்துதே!" என்றாள். விஷயம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எல்லாப் பேஷண்ட்டுக்கும் இனிமேல் இதுதான் என்றாள்.

ஒரு மாலை, பவுலின் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, "இதப் படி பாக்கலாம்" என்றார். காலை நீட்டி, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் காற்றில் எழுதினார். வேகமாக எழுதினால் வலித்தது. அவள் துருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முதல் எழுத்து புரிந்தது, இரண்டாவது புரிந்தது, நான்காவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"பவுளின் இல்ல, பவுலின்" என்றாள். "அது வேற ல." அவர் திருத்தி எழுதினார். அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கையைக் கழுவினாள்.

நடக்கலாம் என்று டோரீன் சொன்ன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் பவுலினோடு பூசைக்குப் போனார். பூசை முடிந்து வீட்டுப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தவர், அவள் எதிர்ப்பக்கம் நடப்பதைப் பார்த்து நின்றார். "எங்க?" என்றதற்கு, "வாங்க" என்றாள். திருப்பத்தில் ஒரு பேக்கரி. ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் மேஜை. கல்லாவில் இருந்தவர் அவளைப் பார்த்ததும் கேட்காமலேயே ஒரு டீயும் ஒரு துண்டு தில்பசந்தும் எடுத்து வைத்தார். பிறகு பின்னால் வந்த ஓஸ்வால்டைப் பார்த்துத் தயங்கி, "இன்னைக்கு ரெண்டா மேடம்?" என்றார்.

"ரெண்டு" என்றாள் பவுலின்.

எத்தனை வருடங்களாக இது நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வெயில் அவள் கையில் விழுந்திருந்தது. தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் உதிராமல் அவள் அந்தத் துண்டைச் சாப்பிட்ட பக்குவத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மேஜையை அவருக்குத் தெரியாது. ஆனால் உட்கார்ந்திருக்க நன்றாக இருந்தது. இரண்டாவது டீயும் சொன்னார். அந்த நேரத்தில் எங்கோ ஒரு மைதானத்தில் டாஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் கோவிந்தன் வந்தார். அசோசியேஷனில் ரெஃப்ரீக்களுக்கு மேட்ச் பிரித்துக் கொடுப்பவர். இருவரும் ஒன்றாக விசில் அடிக்கத் தொடங்கியவர்கள், ஒருவரையொருவர் பெங்களூர்ப் பாணியில் 'குரு' என்றே கூப்பிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை ஃபிட்னெஸ் டெஸ்ட், அதில் தேறினால்தான் இந்த சீசனில் லீக் மேட்ச் என்றார். "உன் வயசுக்கு இதான் கடைசி சான்ஸ் குரு. அடுத்த வருஷம் ரூல் மாறுது."

ஓஸ்வால்ட் பவுலினைப் பார்த்தார். அவள் காபி டம்ளரைக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டு, "டோரீன் ஓடலாம்னு சொன்னா ஓடட்டும்" என்றாள். டோரீன் ஓடலாம் என்றாள், சடாரென்று திரும்பும்போது மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சனிக்கிழமை காலை அவர் ஷூ லேஸைக் கட்டி நிமிர்ந்தபோது, பவுலின் சேலை மாற்றிக்கொண்டு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு?"

"எங்க போறீங்கன்னு நானும் பாக்க வேணாமா?"

மைதானத்தின் சிமெண்டுப் படிகளில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். ஓஸ்வால்ட் நீண்ட ஓட்டத்தை முடித்தார். மூச்சு வாங்கியது, கால் வலிக்கவில்லை. அடுத்து, கூம்புகளைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஓடும் குறுகிய ஓட்டம். முதல் கூம்பைச் சுற்றினார். இரண்டாவதையும் சுற்றினார். மூன்றாவதில், கால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவருடைய மனம் ஒரு கணம் பின்வாங்கியது. கிழியும் துணியின் சத்தம் காதில் வந்து போனது. அரை அடி குறைத்து வைத்து, நிதானித்துத் திரும்பினார். கோட்டைத் தாண்டியபோது கோவிந்தன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு?"

"விடு குரு. கண்ண மூடித் தொறக்கற நேரம். சும்மா பாஸ்னு எழுதிடறேன். யார் கேக்கப் போறா?"

ஓஸ்வால்ட் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். இந்த மைதானத்தில் எத்தனை பையன்கள் அவரிடம் வந்து, "பந்து கோட்டக் கொஞ்சம்தான் சார் தாண்டுச்சு" என்று கெஞ்சியிருக்கிறார்கள். நிமிர்ந்து, "டைம் தாண்டியாச்சில்ல? அப்ப தாண்டியாச்சு" என்றார்.

கோவிந்தன் பேனாவை மூடினார். கொஞ்சம் கழித்து, "சின்னப் பசங்க மேட்ச் இருக்கு. பன்னெண்டு வயசுக்குக் கீழ. அதுக்கு டெஸ்ட் கெடையாது. ஆனா சனிக்கெழமதான் வரும், உனக்கு அது மரியாதையா இருக்காதுன்னு கேக்கல" என்றார்.

"சனிக்கிழம மட்டும்தானே?"

"மட்டும்தான்."

"எழுதிக்கோ."

சொன்ன பிறகு உள்ளே ஏதாவது இடியும் என்று காத்திருந்தார். ஒன்றும் இடியவில்லை. நன்றாகப் பசித்தது. படியேறிப் போய்ப் பவுலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "தேறல" என்றார். அவள் தலையசைத்தாள். "தெரிஞ்சுது. அந்த மூணாவது மொளைக்கிட்ட நின்னுட்டீங்க" என்றாள். கூம்பை அவள் முளை என்றது அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது.

கீழே, கூம்புகளை எடுத்துவிட்டு யாரோ இரண்டு டீம் பையன்கள் பயிற்சி ஆட்டம் தொடங்கியிருந்தார்கள். போகலாமா என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் பவுலின் முன்னால் சாய்ந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்ச பனியன்காரன் சும்மாவே நிக்கறான். யாரும் அவன ஒண்ணும் சொல்லலியே?"

"அவன் கோல்கீப்பர். பந்து வந்தாத்தான் அவனுக்கு வேல."

"அப்ப ரெஃப்ரீக்கு?"

"அவனுக்கு எப்பவும் வேலதான். பந்தப் பாக்கக் கூடாது, அடுத்து பந்து எங்க வரும்னு பாக்கணும். இப்பப் பாரு..."

கோல்கீப்பர் ஓடிவந்து ஓங்கி உதைத்தான். மழை கழுவிய வானத்தில் பந்து தூங்குமூஞ்சி மரங்களுக்கு மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்றது. பவுலின் குடையைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "எங்க விழும்?" என்றாள்.